ஆயிரம் லீற்றருக்குக் கீழே ஒரு வகுப்பு

1

நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பருப்பு வடை இறங்கும் சத்தம். இடைவெளி இல்லாமல், ஒரே சுருதியில், நீண்டு கிடக்கும் ஒரு சீறல். மிக் வெல்டிங் ஒழுங்காக ஓடும்போது அப்படித்தான் கேட்கும். அவுஸ்திரேலியாவின் தெற்கில், மாடு ஏற்றும் டிரெய்லர் செய்கிற ஒரு தொழிற்சாலையில், பதினொரு வருடமாக நான் அந்தச் சத்தத்துக்குள்தான் குடியிருக்கிறேன். வீட்டில் மனைவி அப்பளம் பொரித்தால்கூட என் வலது கை சற்று மடங்கி, இல்லாத ஒரு வெல்டிங் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் காயாமல் போட்டால் வடை என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வெல்டிங்கில் அதற்கும் ஒரு சத்தம் உண்டு. கடுகு வெடிப்பதுபோலப் பட், பட், பட். கம்பி உருக நேரமில்லாமல் இரும்பில் முட்டி முட்டித் திரும்புகிற சத்தம். மாஸ்க்கின் கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணுக்கு முன்பே காது அதைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தும் கேளாததுபோல இருந்துவிடலாம். அது வெல்டரின் விருப்பம்.

போன சனிக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன், எங்கள் கொட்டகையில் அந்தக் கடுகுச் சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்கு முன் அதே சத்தத்தை என் கையாலேயே எழுப்பியிருந்தேன். கண்டியிலிருந்து கலஹா போகிற வழியில், என் தங்கச்சி வீட்டு முற்றத்தில்.

ஊரிலிருக்கிற உங்களுக்கு எழுதும்போது வழக்கமாக இங்குள்ள குளிரைப் பற்றி எழுதுவேன், ஜன்னலில் படியும் பனியைப் பற்றி, பேச ஆளில்லாத ஞாயிறுகளைப் பற்றி. இன்று அதற்கெல்லாம் கை வரவில்லை.

2

மிக் என்றால் என்ன என்று ஊரில் கேட்டவர்களுக்கு இப்படித்தான் சொன்னேன். தையல் மெஷினில் நூல்கண்டு சுழல்கிறது அல்லவா, அதுபோல மெஷினுக்குள் ஒரு கம்பிச் சுருள். துப்பாக்கிபோன்ற பிடியின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வெளியே வரும். கரண்ட் பாயும். கம்பியின் நுனியும் அது தொடுகிற இரும்பும் சேர்ந்து உருகி ஒரு சின்னக் குளம் உண்டாகும். அதே பிடியின் வாயிலிருந்து காஸ் வந்து, வெளிக்காற்று படாமல், அந்தக் குளத்தைப் போர்த்தும். குளம் உறைந்தால் இரண்டு இரும்பு ஒன்றாகிவிடும்.

வேகமான வேலை. கார் பாடி, டிரெய்லர், கேற், ஜன்னல் கம்பி, இரும்புக் கதிரை என்று உலகத்தில் பாதிப் பொருட்களை இப்படித்தான் ஒட்டுகிறார்கள். நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் ராட் வெல்டிங். ராட்டின் மேல் பூசியிருக்கிற மருந்து எரிந்து, தன் புகையையே தனக்குப் போர்வையாக்கிக்கொள்ளும். கொஞ்சம் காற்றடித்தாலும் தாக்குப்பிடிக்கும். மிக் அப்படி அடிபட்டு வளர்ந்ததில்லை. திறந்த வெளியில் சேலைத் தலைப்பு அசைகிற அளவு காற்றே போதும், காஸ் கலைந்துவிடும். உருகிய இரும்புக்குள் குமிழி புகுந்து, ஆறியபின் ஊசித் துளைகளாக நிற்கும்.

துளையாவது கண்ணுக்குத் தெரியும். நான் பயப்படுவது மற்றதற்கு. சூடு போதாவிட்டாலும் மிக் மெஷின் கம்பியைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். அந்தக் கம்பி உருகி, கீழே இருக்கிற இரும்பைக் கரைக்காமல், அதன் மேல் மெழுகு சிந்தியதுபோல உறைந்துவிடும். மேலே தடவிப் பார்த்தால் வழவழப்பான மூட்டு. உள்ளே இரண்டு இரும்பும் ஒன்றையொன்று அறியாமல், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்நியர்களைப் போல.

3

சித்திரை வருடப்பிறப்புக்குப் போயிருந்தேன். மெஷினை ஒரு மாதம் முன்பே கப்பலில் அனுப்பியிருந்தேன், தங்கச்சி குடும்பத்துக்குப் பரிசாக. கொழும்பில் ஒரு கார்கோ அலுவலகத்தில் அதை மீட்க நான்கு நாள் போனது. ஒரு மேசையில் பாஸ்போர்ட்டின் பிரதி கேட்டார்கள், அடுத்ததில் பிரதியின் பிரதி. கடைசி மேசைக்காரர் பெட்டியைத் தட்டி, "மேக மொகக்த மாத்தயா?" என்றார். இது என்ன ஐயா என்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் எங்கோ ஒளிந்துகொண்டது. வாயில் வந்தது, "ஸொரி மேட்." அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

ஆக, ஊரில் மிஞ்சியது இரண்டு நாள்.

தங்கச்சி சாந்தினி கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் வீட்டில் பதினான்கு பிள்ளைகளுக்கு டியூஷன். அவர்கள் பக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பைப்பில் தண்ணீர் வரும். அதனால் ஆயிரம் லீற்றர் டேங்க் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அதை ஏற்ற முற்றத்தில் பத்தடி உயர இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்டைச் சுற்றித் தகரம் இறக்கினால் கீழே வகுப்பும் நடத்தலாம் என்பது அவள் திட்டம். வீட்டுக்குள் பதினான்கு பேருக்கு இடமில்லை.

"கம்பளையில ஒரு வெல்டிங் பாஸ் இருக்காரு அண்ணே. ராட்டுல ஒட்டித் தாறேன்னாரு," என்றாள்.

அவள் புருஷன் ராஜா, கலஹா பஸ்ஸில் கண்டக்டர், விடவில்லை. "வெளிநாட்டு மெஷினோட மச்சானே வந்து நிக்கிறாரு, பாஸ் எதுக்கு? மச்சான் அங்க மாட்டுக்கு வீடு கட்டுறவரு. நமக்கு ஒரு ஸ்டாண்ட் கட்ட மாட்டாரா?"

காஸ் சிலிண்டரைத் திகனயில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிற நஸார் நானாவிடம் இரவல் வாங்கினோம். சோடாவுக்கு ஏற்றுகிற காஸும் எங்களுக்கு வேண்டிய காஸும் ஒன்றுதான். "எடுத்துட்டுப் போங்க தம்பி," என்றார் அவர். "ஒங்க இரும்புக்கும் தாகமோ என்னமோ."

ராஜாவின் டியூட்டி முடிந்து, இரும்பை வெட்டி நிறுத்தி, கடைசி நாள் மாலை ஆறு மணிக்குத்தான் மேல் சட்டத்தைக் கால்களோடு ஒட்டத் தொடங்கினேன். மெஷினில் சூட்டுக்கும் கம்பியின் வேகத்துக்குமான இரண்டு குமிழையும் மனப்பாடமாகத் திருப்பினேன், தொழிற்சாலையில் அந்தத் தடிப்புக்கு வைக்கிற எண்களில். யோசிக்கவே இல்லை. அங்கே கரண்ட் கடல்போல நிற்கும். இங்கே, வருடப்பிறப்பு வாரத்தில், மாலை ஆறு மணிக்கு, மலைச்சரிவில் இருக்கிற அத்தனை வீட்டிலும் ரைஸ் குக்கரும் அயர்ன் பெட்டியும் ஒன்றாக இழுக்கின்றன. முற்றத்து பல்ப் மஞ்சளாகி, சிவந்து, திரும்ப மஞ்சளானது. ஹந்தானைப் பக்கமிருந்து மழைக்கு முந்திய காற்று இறங்கியது.

பட், பட், பட்.

கேட்டது. கேட்டேன். மாஸ்க்கைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள். ராஜா போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான். மறுநாள் எனக்கு விமானம். பதினொரு வருடம் வெளிநாட்டில் இதைத்தான் செய்தேன் என்று காட்டுவதற்கு எனக்கு அந்த ஒரு மாலைதான் இருந்தது.

நாலு மூலையும் ஒட்டி முடித்தபோது ராஜா ஏணியில் ஏறி டோர்ச் அடித்தான். "என்ன மச்சான், எறும்புப் புத்து மாதிரி ஓட்ட ஓட்டயா இருக்கு?"

"மிக்ல அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

பிறகு கிரைண்டரால் மூட்டுகளைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் துளைகள் வந்தன. அவற்றைப் பட்டி வைத்து அடைத்தேன். கார் நெளிவுக்குப் பூசுகிற அதே பட்டி. காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு, வெள்ளி நிறப் பெயின்ட் இரண்டு கோட். காலையில் சாந்தினி தேநீரோடு வந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒட்டின இடமே தெரியல அண்ணே."

அந்தப் பாராட்டோடுதான் விமானம் ஏறினேன். அதைப் பலமுறை நினைத்து மகிழ்ந்தும் இருக்கிறேன். இதை எழுதும்போது பல் கூசுகிறது.

4

எங்கள் கொட்டகையின் மேற்பார்வையாளர் டூங், வியட்நாம்காரர், என் வயதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமையில் எல்லாரையும் நிறுத்தி ஒரு விளையாட்டு வைப்பார். அன்று அவரே மூன்று துண்டுகளை ஒட்டினார். ஒன்றைச் சரியான சூட்டில். ஒன்றைக் காற்றாடிக்கு முன்னால். ஒன்றை வேண்டுமென்றே சூட்டைக் குறைத்து. நான் முதலில் சொன்ன கடுகுச் சத்தம் அதுதான். பிறகு திரைக்குப் பின்னால் கொண்டுபோய் மூன்றையும் தேய்த்து, பெயின்ட் அடித்து, மேசையில் வைத்தார்.

"எது நல்லது? தொட்டுக் காட்டு," என்றார்.

நான்தான் முதலில் தொட்டேன். நடுவில் இருந்தது. ஓரம் சீராக, பாலாடைபோல.

டூங் அதை இடுக்கியில் மாட்டி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. கதவைத் தட்டுவதுபோல. ஒரு தகடு கழன்று சீமெந்துத் தரையில் விழுந்து மணிபோல அதிர்ந்தது.

குனிந்து எடுத்துப் பார்த்தேன். ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்த நீலநிறப் படலம் அப்படியே இருந்தது. நெருப்பு அந்த முகத்தைத் தொடவே இல்லை.

டூங் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். என் முகம் எப்படி இருந்ததோ. "என்ன?" என்று கேட்டார். பதினொரு வருட ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்தவை மூன்று சொற்கள்: தங்கச்சி, தண்ணீர், பிள்ளைகள். அவர் வெளியே போய்ப் பேசும்படி கொட்டகைக் கதவைக் காட்டினார்.

இங்கே மதியம் பன்னிரண்டு என்றால் கண்டியில் காலை ஏழரை. சனிக்கிழமை ஏழரைக்குத்தான் வகுப்புத் தொடங்கும். ஆடிக் காற்று வேறு.

5

சாந்தினி எடுக்கவில்லை. வகுப்பு நேரத்தில் அவள் போன் அலுமாரிக்குள் இருக்கும். ராஜாவின் போனில் ஒரு சிங்களப் பெண்குரல், தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. மூன்று தடவை. கார் பார்க்கில் நின்றுகொண்டிருந்தேன். பகல் வெளிச்சம் முழுவதும் ஏதோ விழப்போவதற்கு முந்திய நொடிபோல இருந்தது.

என் வீட்டுக்கு அடித்தேன். மகள் அனு எடுத்தாள். பதினாறு வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாங்கள் இப்படியே ஒரு வீட்டில் வாழ்கிறோம்.

"அத்தைக்கு எப்படியாவது சொல்லு. பிள்ளைகளை வெளியே எடுக்கச் சொல்லு. மூட்டு பிடிக்கல. நான் ஒட்டினது பிடிக்கல."

"அப்பா, எனக்கு விளங்கல. என்ன பிடிக்கல?" என்றாள், ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த டேங்க் விழப்போகிறது என்று. மகளுக்குப் புரிகிற மொழியில் சொன்னபோதுதான் அது எனக்கே முதன்முதலாகக் காதில் விழுந்தது.

அவள் விரல்கள் கண்ணாடித் திரையில் படுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை மகள் திவ்யாவும் அவளும் ஏதோ போன் விளையாட்டில் தினமும் சந்தித்துக்கொள்கிறார்களாம். எனக்குத் தெரியாது. என் மகள் ஊரைவிட்டு விலகிப் போகிறாள் என்று நான் பக்கம் பக்கமாக உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு நிமிடத்தில் அவள் சொன்னாள்: "திவ்யா ஓடுறா அப்பா."

அடுத்த அழைப்பு சாந்தினியிடமிருந்து.

"அண்ணே, என்ன இது? திவ்யா வந்து என்னமோ உளர்றா."

"புள்ளைங்க எங்க?"

"கீழதான். கணக்கு செஞ்சிட்டு இருக்காங்க."

"எழுப்பு. எல்லாத்தையும் ரோட்டுக்கு அனுப்பு. மத்தத அப்புறம் பேசுவோம்."

"மழ பெய்யுது அண்ணே."

"நனையட்டும் சாந்தினி."

அவளுடைய வகுப்புக் குரல் கேட்டது. "கொப்பிய அப்படியே வைங்க. எல்லாரும் எந்திரிங்க. வரிசை வேணாம், நடங்க." கதிரைகள் இழுபடும் சத்தம். சிரிப்பு. மழையில் போவது அவர்களுக்குக் கொண்டாட்டம். அவள் எண்ணத் தொடங்கினாள். நானும் கூடவே எண்ணினேன். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு.

நின்றுவிட்டது.

"யார் இல்ல? யார்டி இல்ல?"

"கவிதா இல்ல டீச்சர். குடை எடுக்கத் திரும்பப் போயிருச்சு."

போனை அவள் எங்கோ போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். மழை மட்டும் கேட்டது. தகரத்தில் மழை. அந்தச் சத்தத்துக்குள் வேறு சத்தம் வருகிறதா என்று நான் காது கொடுத்தேன். வாழ்க்கையில் அப்படி நான் எதையும் கேட்டதில்லை.

பிறகு அடி வாங்கிய ஒரு சின்னப் பெண் அழும் குரல். அதன்மேல் சாந்தினியின் மூச்சு. "பதினாலு, அண்ணே."

ராஜாவைக் கூப்பிடச் சொன்னேன்.

ராஜா போனை வாங்கினான். தூக்கம் கலைந்த குரல். "என்ன மச்சான், காலங்காத்தால ஷோ காட்டுறீங்க? மூணு மாசமா நிக்குது. நேத்துப் பேய்க் காத்து அடிச்சிச்சு, அசையல. நம்ம பஸ்ஸே இத விட ஆடும்."

"ராஜா, அந்த ஓட்டைங்க."

"எந்த ஓட்டை?"

"எறும்புப் புத்துன்னு சொன்னியே. அது அப்படி இருக்கக் கூடாது. பட்டி வச்சு மூடிட்டேன். உள்ள புடிச்சிருக்கா இல்லியான்னு எனக்கே தெரியாது."

அவன் குரலில் தூக்கம் போய்விட்டது.

"மிக்ல அப்படித்தான் இருக்கும்னீங்களே மச்சான்."

"சொன்னேன்."

"நான் அத நம்ம டிப்போவுல எல்லாருக்கும் வேற சொல்லிட்டேன்," என்றான், மெதுவாக.

வீட்டின் எல்லாக் குழாயையும் திறந்துவிடச் சொன்னேன். ஆயிரம் லீற்றர் இறங்க முக்கால் மணி நேரம் எடுத்தது. ஒரு நாள் விட்டு ஒருநாள் குடம் குடமாக எண்ணிச் சேர்த்த தண்ணீர் படிக்கட்டு வழியே ரோட்டுக்கு ஓடியது. பிறகு ராஜா இரண்டு மூங்கிலைச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, ஏணியைச் சுவரோடு கட்டி, மேலே ஏறினான். சாந்தினி வீடியோ அழைப்பில் எனக்குக் காட்டினாள். ஸ்க்ரூடிரைவரால் அவன் ஒரு மூலையைச் சுரண்டினான். வெள்ளிப் பெயின்ட் வந்தது. பட்டி வந்தது. அப்புறம், அவன் நுனியை உள்ளே கொடுத்து நெம்பியபோது, ஒட்டு முழுவதும் ஒரு விரல் நீளத்துக்குப் பலாப்பிசின் காய்ந்து உரிவதுபோல உரிந்து அவன் கையில் வந்தது. அடியில் அதே நீலம்.

அது மழைப் பக்க மூலை. அதற்கு நேர் கீழேதான் முதல் வரிசை.

மற்ற மூன்றும் உரியவில்லை. எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் வெட்டி, கம்பளை பாஸைக் கொண்டு ராட்டில் புதிதாக ஒட்டச் சொன்னேன். ராஜா சரி என்றான். அந்த உரிந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். டிப்போவில் காட்டத்தானோ என்னவோ.

சாந்தினி வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினாள்.

"அண்ணே. அன்னைக்கு சாயந்தரம் பக்கத்து வீட்டு ஆளுங்களும் வந்தாங்களே. கீழ வீட்டு தாத்தாவுக்குப் படிக்கட்டுக் கைபிடி. ஸ்கூல் வேன்காரர் ஏதோ கொண்டு வந்தாரு. இன்னும் யாரோ."

வந்தார்கள். ஸ்டாண்டுக்கு முன்பும் பின்பும், பெட்டி கட்ட வேண்டிய நேரம்வரை, யார் என்ன கொண்டுவந்தாலும் ஒட்டிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் தேய்த்து, பூசி, பளபளவென்று. இந்தக் குறிப்பில் இதுவரை அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மறதி என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், அது அப்படி இல்லை.

"எனக்கு முழுசா ஞாபகம் இல்ல சாந்தினி."

"உக்காந்து யோசிங்க. எந்த வீடு, எந்த எடம், எத்தன ஒட்டு. ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க. நான் இப்பவே நடந்து போய்ச் சொல்லிட்டு வாறேன்."

"அவங்ககிட்ட நானே பேசுறேனே."

"வேணாம். நீங்க எழுதி மட்டும் அனுப்புங்க."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். மழைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அழகா எழுத வேணாம் அண்ணே."